செவிசாய்த்தல்: பத்துக்குப் பத்து

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, ஊருக்கு டாக்டர், கைகூப்பி எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய்? அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் காலை ஏழரை மணிக்கே வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்கும் கிளினிக்குக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதக் கை கூசுகிறது. அவரவர் சக்திக்கு ஏற்ப நலம் என்று வைத்துக்கொள்.

முதலில் ஒரு வேண்டுகோள். என் கையெழுத்து உனக்குப் புரியாது. என் கடிதம் வந்ததும் நீ அதைத் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டச் சொல்வாய். போன கடிதத்தில் உன் சம்பந்தியம்மாவைப் பற்றி நான் எழுதிய நாலு வரி உங்கள் தெரு முழுக்கப் பரவியது அப்படித்தான். இந்தக் கடிதத்தை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதே. பூதக்கண்ணாடி வைத்தாவது நீயே படி. உனக்குப் புரியட்டும் என்றுதான் ஒவ்வொரு சொல்லாக வாயில் சொல்லிப் பார்த்து நிறுத்தி எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே முணுமுணுத்தால்தான் எனக்குக் கை ஓடும், உனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு ஆய்வு அதிகாரி வருகிறார். அவருக்கு ரிப்போர்ட் எழுதுகிறேன், யாரையும் உள்ளே விடாதே என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இது பரம ரகசியம்.

எனக்குக் காது கேட்கவில்லை, அக்கா.

ஒரேயடியாகச் செவிடாகிவிட்டேன் என்று பயந்துவிடாதே. எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் பாதி காதாலும் பாதி வாயசைவாலும் பிடித்துவிடுவேன். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அந்தப் பக்கம் நெஞ்சு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. இரண்டு வருடமாக இந்தக் கதைதான். நீ போன தடவை வந்திருந்தபோதே சொன்னாய், "டேய், நான் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிற, யார்கிட்டயாவது காதைக் காமிடா" என்று. நான் ஃபேன் சத்தம் என்றேன். ஃபேன் அன்று ஓடவே இல்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

சரி, கிழவனாகிவிட்டாய், கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். அங்கேதான் சிக்கல். நாற்பதாயிரம் பேர் இருக்கிற இந்த ஊரில் ஒரு காலத்தில் மூன்று டாக்டர்கள் இருந்தோம். ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இன்னொருவர் முகப்பரு பார்க்கப் பெரிய நகரத்துக்குப் போய்விட்டார். காய்ச்சல், வயிற்றுவலி, பிரஷர், சர்க்கரை, மாமியார் தொல்லையால் வரும் தலைவலி, அத்தனைக்கும் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். நான் கதவைச் சாத்தினால் இவர்கள் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் போக மாட்டார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

அதனால்தானே பதினொரு வருடம் அரசுக்கு மனு மேல் மனு போட்டேன்? இளம் டாக்டர்களைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பழக்காதீர்கள், எங்களைப் போன்ற சின்ன கிளினிக்குகளுக்கு அனுப்புங்கள், அதற்குப் பணம் ஒதுக்குங்கள், சாதாரண நோயைச் சாதாரண இடத்தில் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதி எழுதிப் பேனா தேய்ந்தது. கடைசியில் போன வருடம் அரசு மனம் இறங்கியது. குடும்ப மருத்துவர் பயிற்சித் திட்டம் என்று பெயர் வைத்து, என் கிளினிக்கையும் அதில் சேர்த்து, இரண்டு இளம் டாக்டர்களை மூன்று வருடத்துக்கு அனுப்பி, அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்து, பயிற்சி முடிந்ததும் இதே ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டது. கேட்டது கிடைத்தது. கிடைப்பதற்குள் காது போய்விட்டது. என் ஜாதக விசேஷம்.

வந்தவர்களில் ஒருவன் நெட்டை. நிலைவாசலில் இதுவரை நான்கு முறை தலையை இடித்துக்கொண்டு நான்கு முறையும் என்னிடமே வைத்தியம் பார்த்துக்கொண்டவன். இன்னொருத்தி கண்ணாடி போட்ட பெண், எதைக் கேட்டாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறவள். தங்கமான பிள்ளைகள். ஆனால் அவர்கள் வந்ததிலிருந்து, எங்கே பிடிபட்டுவிடுவேனோ என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரமே ஆரம்பித்தது வினை. திட்டத்தின் விதிப்படி பயிற்சி அறை பத்துக்குப் பத்தடி இருக்க வேண்டுமாம். கான்ட்ராக்டர் வந்து என் அறையை இரண்டாக வெட்டி நடுவே ஒரு பலகைத் தடுப்பு வைத்தார். அளவு போதவில்லை என்று காத்திருக்கும் கூடத்திலிருந்து மூன்றடி எடுத்து அங்கேயும் ஒரு பலகைத் தடுப்பு வைத்தார். இரண்டும் கூரையைத் தொடவில்லை. மேலே மூன்றடி ஆகாயம். பலகையும் மட்டம், அக்கா, சுத்த மட்டம். போன மாதம் ஒரு தபால்காரரை அருகில் அழைத்து, காதோடு காதாக, மலச்சிக்கல் எத்தனை நாளாக என்றுதான் கேட்டேன். அவர் வெளியே போனதும் பெஞ்சில் இருந்த ஆறு பேர் ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்களாம். மனிதர் இப்போதெல்லாம் என் வீட்டுத் தபாலை மதில் மேலிருந்து எறிந்துவிட்டுப் போகிறார். எல்லாம் அந்தப் பலகை செய்த வேலை.

இப்போது நர்சம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையை ஆட்டினாள், வாயில் விரலை வைத்துக் காட்டினாள். வெளியே யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறாளாம். இருபது வருடமாக என்னோடு இருக்கிறாள். ஊசியைவிட நாக்கு கூர்மை என்றாலும் நல்ல மனுஷி. "ரிப்போர்ட், ரிப்போர்ட்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், பிள்ளைகள். எனக்குக் காது கேட்காத குறையை மறைக்க நான் சில வித்தைகள் வைத்திருந்தேன். நோயாளி சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டு, "மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பேன், முதல் தடவை விட்டதை இரண்டாம் தடவையில் பிடிக்க. கண் எடுக்காமல் வாயையே பார்ப்பேன். வலது காது கொஞ்சம் தேவலை என்பதால் தலையை இடது பக்கம் சாய்ப்பேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணிவிட்டு, நகத்தையும் கழுத்து நரம்பையும் மூச்சு வாங்குகிற வேகத்தையும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவேன். நாற்பது வருட அனுபவம், பெரும்பாலும் தப்பாது.

இந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் வைத்தியமுறை என்று நினைத்துவிட்டார்கள்! கண்ணாடிப் பெண்ணின் குறிப்பேட்டை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். "நோயாளியை இருமுறை சொல்ல வைத்தல். முதல் முறை நோயைச் சொல்கிறார், இரண்டாம் முறை உண்மையைச் சொல்கிறார்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால் அது நிஜம். முதல் தடவை தலைவலி என்பவர் இரண்டாம் தடவை வேலை போய்விட்டது என்கிறார். நெட்டையோ என்னைப் பார்த்துப் பார்த்து எல்லோரிடமும் தலையை இடது பக்கமே சாய்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு திரிந்தான். "அந்தக் கோணத்துல நெஞ்சு சத்தம் தெளிவா கேக்குமா சார்?" என்று கேட்கிறான். "பழக்கத்துல வரும்" என்றேன்.

அதோடு போயிற்றா? கண்ணாடிப் பெண் அந்தக் குறிப்பைத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே இதற்கு "இருமுறை கேட்டல் முறை" என்று பெயர் சூட்டிச் சுற்றறிக்கை போட்டு, பயிற்சி நடக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கிளினிக்குகளிலும் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கோ ஒரு ஊரில் பல்வலிக்காரர் ஒருவர் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னதும் டாக்டரை அடிக்கப் போனாராம். அரையாண்டு மதிப்பீட்டில் எனக்கு வந்த மார்க்கைக் கேள்: நேரம் தவறாமை பத்துக்கு ஆறு, பதிவேடு பத்துக்கு நான்கு, நோயாளிக்குச் செவிசாய்த்தல் பத்துக்குப் பத்து. சட்டம் போட்ட சான்றிதழ் என் தலைக்கு மேலே தொங்குகிறது. நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. இனி எழுதப் போவது அப்படி இல்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரை உனக்கு நினைவிருக்கும். நீ வந்தபோது உன்னிடம் அரைமணி நேரம் பேசினாரே, அவர்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மூன்று வருடமாக வருகிறார். முதல் வருடம் நன்றாகத்தான் கேட்டேன், ஒன்றும் இல்லை. பின்னால் இரண்டு வருடம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், பத்து வரை எண்ணினேன், "உடம்பு கொஞ்சம் போட்டிருக்கீங்க, படி ஏறாதீங்க" என்று அனுப்பினேன். ஆறு வாரத்துக்கு முன்னால் கண்ணாடிப் பெண் அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே என்னைப் பார்த்து, "சார், கூடுதலா ஒரு சத்தம் கேக்குது. நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாக்குறீங்களா?" என்றாள். நான் வைத்தேன். கண்ணை மூடினேன். ஒன்றுமே இல்லை, அக்கா. பாழுங்கிணற்றுக்குள் காதை வைத்தது போல் இருந்தது. கண்ணைத் திறந்து, "ஆமாம், இருக்கு" என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இதய வால்வில் கோளாறு. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கு டீச்சர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை டாக்டர், நீங்க கண்டுபிடிச்சீங்க" என்றார். நான் அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் எத்தனை பேர்? யார் நெஞ்சில் என்ன சத்தம் இருந்தது, எதை நான் விட்டேன்? நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு பேரும் என்னை முறைக்கிறது.

நர்சம்மா மறுபடி வந்து போனாள். இந்தத் தடவை இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சுவது போல ஏதோ செய்தாள். டீ வேண்டுமா என்கிறாள் போலிருக்கிறது. அப்புறம் என்று சைகை காட்டினேன்.

இன்றைக்கு வருகிற அதிகாரி சாமானியப்பட்டவர் இல்லை. இந்தக் கிளினிக்குக்கு அடுத்த வருடப் பணம் தொடருமா, இரண்டு டாக்டர்கள் நான்கு ஆவார்களா என்பது அவர் கையில். பயிற்சி தருகிறவன் ஒரு நோயாளியை அவர் கண்ணெதிரே பரிசோதித்துக் காட்ட வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வழக்கம்போல் பத்து வரை எண்ணினால் பணம் வரும், நான்கு டாக்டர்கள் வருவார்கள், இந்த ஊர் பிழைத்துக்கொள்ளும். உள்ளதைச் சொன்னால் காது கேட்காதவனுக்கு எதற்குப் பயிற்சி கிளினிக் என்று இருக்கிற இரண்டு பேரையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு இங்கே நான் மட்டும், என் பத்து வரை எண்ணுகிற வித்தையோடு. சொன்னாலும் ஊருக்குக் கேடு, சொல்லாவிட்டாலும் ஊருக்குக் கேடு. பயமாக இருக்கிறது, அக்கா. அறுபத்தேழு வயதில், பரீட்சைக்குப் படிக்காமல் போன பையனைப் போல எழுதியதையே அடித்து அடித்து எழுதுகிறேன். கையெழுத்து இன்னும் மோசமாகியிருந்தால் மன்னித்துக்கொள்.

ஆனது ஆகட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்று ஒரு நாள் மட்டும் வாய் திறக்க மாட்டேன். அதிகாரி போகட்டும், பண உத்தரவு வரட்டும். உத்தரவு வந்த மறுநாளே கண்ணாடிப் பெண்ணையும் நெட்டையையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி, ஒரு நோயாளி விடாமல் அத்தனை பேரையும் மறுபடி கேட்கச் சொல்வேன். கணக்கு டீச்சர் காலில் விழுவதானாலும் விழுவேன். அதுவரை இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும். செய்வது சரியா தப்பா என்று நீதான் எழுத வேண்டும். தப்பு என்று எழுதினால் கொஞ்சம் மெதுவாகத் திட்டி எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தரச் சொன்னேன், தருகிறாயா? பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த வேலைக்குப் போனாலும், நடிக்காமல் பிழைக்க இந்தத் தாத்தாவின் ஆசி. உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் நெஞ்சை மட்டும் வேறு ஒரு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிக்கொள். போன வருடம் நான்தான் பார்த்தேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

என்றும் உன் வாக்கைக் கேட்டு நடக்காத,
தம்பி

பின்குறிப்பு: இதை எழுதுவது மத்தியானம் மூன்று மணிக்கு. மேலே எழுதியதில் எதையும் நம்பாதே. எல்லாம் தலைகீழாகிவிட்டது.

கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். பெஞ்சில் இருந்த பதினொரு பேரும் சுவரோடு நின்ற நெட்டையும் கண்ணாடிப் பெண்ணும் ஒரே பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முணுமுணுத்துத்தான் எழுதினேன், அக்கா, சத்தியமாக. ஆனால் என் முணுமுணுப்பு தெருவில் போகிற ஆட்டோவை நிறுத்துகிற அளவுக்கு இருந்ததாம். நர்சம்மா இரண்டு தடவை வந்து வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். நான் டீ என்று நினைத்துக்கொண்டேன். பெஞ்சின் ஓரத்தில் மடியில் ஃபைலோடு ஒரு புது ஆள். அதிகாரி ஏழேகாலுக்கே வந்துவிட்டாராம். முதல் வரியிலிருந்து கேட்டிருக்கிறார்.

கடித உறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். முதலில் பேசியது கணக்கு டீச்சர்தான். இன்றைக்குப் பார்த்துப் பிரஷர் காட்ட வந்திருக்கிறார். எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எனக்குக் கோபம் உண்டு டாக்டர், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் படியை ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு ஏறினேன். ஆனா விடை தப்பா இருந்தாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடுறவ நான். நீங்க ஸ்டெப்பை எல்லாம் மறைக்காம எழுதிட்டீங்க. அடுத்த பரீட்சைக்கு மிஷின் மாட்டிக்கிட்டு வாங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மற்றவர்கள் யாருக்கும் இது செய்தியே இல்லையாம். "இதுல என்ன ரகசியம் டாக்டர், ரெண்டு வருஷமா நாங்க கத்திக் கத்தித்தானே பேசறோம்" என்றார் பெஞ்சில் இருந்த தபால்காரர். நெட்டை தலையைக் குனிந்துகொண்டான், நிலைவாசல் இல்லாத இடத்திலும். கண்ணாடிப் பெண் இன்னொரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வந்த இரண்டாம் வாரத்திலிருந்தே, பிரஷர் பார்க்கிறோம் என்கிற சாக்கில், நான் கேட்ட ஒவ்வொரு நெஞ்சையும் இவர்கள் இருவரும் மறுபடி கேட்டிருக்கிறார்கள். பழைய பதிவேட்டிலிருந்தும் ஆளை வரவழைத்திருக்கிறார்கள். முன்னூற்றுச் சொச்சம் பேர், எதிரே தேதி, எதிரே கையெழுத்து. நான் கோட்டை விட்டது கணக்கு டீச்சர் ஒருவரைத்தான். "அப்ப ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்றேன். "அதுக்குத்தான் சார் அன்னைக்கு டீச்சர் நெஞ்சை உங்களைக் கேட்டுப் பாக்கச் சொன்னேன். நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சோம். காத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

அதிகாரி என்னைத் தனியே பேச வேண்டும் என்று பலகைத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். தனியே என்றால் பதினொரு பேரும் கேட்டார்கள். "செவிசாய்த்தல்ல போட்ட பத்தை அடிச்சுட்டேன் சார், பூஜ்யம்" என்றார் என் வலது காதருகே. "நீங்க கேக்குற ஒவ்வொரு நெஞ்சையும் கூட ஒரு டாக்டர் கேட்டுக் கையெழுத்துப் போடணும்னு நிபந்தனை எழுதிட்டேன். அதுதான் ஏற்கெனவே நடக்குதே. அடுத்த வருஷம் நாலு பேர் வருவாங்க. ஆனா ஒரே ஒரு விண்ணப்பம். அந்த இருமுறை கேட்டல் சுற்றறிக்கையைத் தயார் பண்ணது நான்தான். அதுக்கு எனக்குப் பதவி உயர்வு வேற வந்திருக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தயவுபண்ணி வெளிய சொல்லிடாதீங்க." பெஞ்சிலிருந்து, "சொல்ல மாட்டோம் சார்" என்று நாலைந்து குரல் வந்ததாக நெட்டை பிறகு சொன்னான்.

போன மாதம் கண்ணாடிப் பெண் ஏதோ சொல்லிக் காகிதத்தை நீட்டினாள். வழக்கம்போல் கேட்காமலே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அது திட்டத்தின் கருவி நிதிக்கு விண்ணப்பமாம், சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஸ்டெதஸ்கோப் ஒன்றுக்கு. பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்திருக்கிறது. எல்லோரும் போன பிறகு அதை எடுத்து என் காதில் மாட்டி, மறுமுனையை என் நெஞ்சிலேயே வைத்தாள். கண்ணை மூடினேன். எண்ணவில்லை. கேட்டது, அக்கா. கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, ஆனால் சத்தம் சுத்தமாக இருக்கிறது.

நாளைக்குக் காது மிஷினுக்கு அளவெடுக்கப் போகிறேன். நாக்கு கூர்மை என்று எழுதியதற்காக நர்சம்மா இன்னும் டீ கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை மருந்துக்கடைக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொல். உரக்கவே படிக்கட்டும்.